தைவான் தூதர் ஒருவரின் பணி வரலாற்றை எழுதுவது எப்படி

தைவானின் வெளியுறவுப் பணியில் இருந்த ஒருவரைப் பற்றி வாழ்க்கைக் குறிப்போ கலைக்களஞ்சியக் கட்டுரையோ எழுத முற்படுபவர், அவர் வகித்த பதவிகளைத் தொகுப்பதற்கு முன், சீனக் குடியரசு என்ற பெயரில் அந்நாட்டை எந்தெந்த நாடு எந்த ஆண்டு வரை அங்கீகரித்திருந்தது என்பதைத் தேதிவாரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 2758ஆம் தீர்மானத்தால் சீனாவுக்குரிய இடம் தைவானிடமிருந்து பெய்ஜிங் அரசுக்குச் சென்றது. 1972 செப்டம்பரில் ஜப்பானும், 1979 ஜனவரி 1 அன்று அமெரிக்காவும், 1992 ஆகஸ்டில் தென் கொரியாவும் தைவானின் தலைநகரான தைபேயுடனான தூதரக உறவை முடித்துக்கொண்டன. 2024 ஜனவரியில் நவுரு விலகியபோது, வத்திக்கானையும் சேர்த்து 12 நாடுகளே மிஞ்சின.

இந்தத் தேதிகள் ஏன் முதலில் வேண்டும் என்பது பதவிப் பெயர்களைப் பார்த்தால் விளங்கும். அங்கீகரிக்கும் நாட்டில் தைவானுக்குத் தூதரகம் இருக்கும். அதன் தலைவர் தூதர். அங்கீகரிக்காத நாட்டில் பெரும்பாலும் தைபேயின் பெயரைத் தாங்கிய பொருளாதார, பண்பாட்டு அலுவலகம் ஒன்று இயங்கும். பெரிய தலைநகரங்களில் அதன் தலைவர் பிரதிநிதி எனப்படுவார். விசா, வணிகம், அரசியல் தொடர்பு என அன்றாட வேலை இரு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. அலெக்சாண்டர் யூய் பராகுவேயில் தூதராக இருந்து, பின்னர் வெளியுறவுத் துணை அமைச்சராகி, பிரசெல்ஸில் பிரதிநிதியாகப் பணியாற்றி, 2023 டிசம்பரில் வாஷிங்டனில் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். பெயரளவில் பார்ப்பவருக்குத் தூதராக இருந்தவர் ஒருபடி இறங்கியதாகத் தோன்றும். தைவானின் பாதுகாப்பே பெரிதும் அமெரிக்காவைச் சார்ந்திருப்பதால், வாஷிங்டனைவிட முக்கியமான வெளிநாட்டுப் பொறுப்பு அவர்களுக்கு இல்லை என்பதே உண்மை. ஆகவே பதவியின் பெயரை உள்ளது உள்ளபடி எழுதி, அதன் கனத்தை அடுத்த வரியில் விளக்குங்கள். செய்தித்தாள்கள் வழக்கமாக எழுதும் 'அமெரிக்காவுக்கான தைவான் தூதர்' என்ற தொடரை 1979க்குப் பிந்தைய எவருக்கும் பயன்படுத்த வேண்டாம். அலுவலகத்தின் பெயரையும் அந்தந்தக் காலத்தோடு பொருத்துங்கள்: வாஷிங்டன் அலுவலகம் 1994 வரை வட அமெரிக்க விவகாரங்களுக்கான ஒருங்கிணைப்பு மன்றம் என்றே அழைக்கப்பட்டது.

அடுத்து ஆண்டுக் கணக்கு. தைவான் அரசு ஆவணங்கள் 1912ஐ முதலாண்டாகக் கொண்ட மிங்குவோ ஆண்டைப் பயன்படுத்துகின்றன. அதனுடன் 1911ஐக் கூட்டினால் நமது ஆண்டு கிடைக்கும். ஒரு நியமனக் குறிப்பில் '72, வாஷிங்டன்' என்று இருந்தால் அதை 1972 என்று படிக்கக் கை தானாகவே போகும். 1972இல் அங்கே தூதரகம் இருந்ததால், அவரைத் தூதர் என்று எழுதிவிட்டாலும் பிழை கண்ணில் படாது. சரியான ஆண்டோ 1983; அப்போது அங்கிருந்தவர் தூதரல்லர், பிரதிநிதி. பின்னாளில் வெளியுறவு அமைச்சரான ஃபிரெட்ரிக் சியென் அந்தப் பொறுப்பில் இருந்த காலம் அது. இரண்டு இலக்கங்களைத் தவறாகப் படிப்பதால் ஒருவருடைய வாழ்க்கையில் பதினொரு ஆண்டுகள் இடம் மாறிவிடும் என்பதால், இந்தக் கூட்டலை ஒவ்வொரு தேதிக்கும் தாளில் எழுதியே செய்யுங்கள்.

பெயர்களில் குடும்பப் பெயர் முன்னே வரும். ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டவர்களுக்கு அது பின்னே போய்விடும். சியென் ஃபூவும் ஃபிரெட்ரிக் சியெனும் ஒருவரே. 2020 முதல் 2023 வரை வாஷிங்டனில் பிரதிநிதியாக இருந்து, 2024இல் துணை அதிபரான சியாவ் பி-கிம்மின் பெயரில் பி-கிம் என்பது தைவானிய மொழி உச்சரிப்பு. மாண்டரினில் அது மெய்ச்சின் ஆகும். அவர் தாமே தேர்ந்துகொண்ட வடிவத்தை நாமும் மதித்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் எழுதும் நபர் எந்த வழியாகப் பணிக்கு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். யுவான் எனப்படும் ஐந்து அரசுப் பிரிவுகளில் ஒன்றான தேர்வு யுவானின் கீழ் நடக்கும் வெளியுறவுப் பணிக்கான சிறப்புத் தேர்வில் வென்று படிப்படியாக உயர்ந்தவர்கள் ஒரு வகை. சியாவ் பி-கிம்மைப் போல நாடாளுமன்ற அரசியலிலிருந்து வந்து நியமிக்கப்பட்டவர்கள் இன்னொரு வகை.

பதவி முடிந்த நாளைக் குறிக்கும்போது அவசரம் கூடாது. அங்கீகாரம் விலக்கப்பட்டதால் முடிந்த பதவி, ஓய்வாலோ மாற்றத்தாலோ முடிந்த பதவியைப் போன்றதன்று. அந்தக் காரணத்தை எழுதாவிட்டால் அந்த மனிதர் சுமந்தது வாசகருக்குத் தெரியாமல் போகும். அமெரிக்காவுக்கான கடைசித் தூதர் ஜேம்ஸ் ஷென். 1937 முதல் தூதர்களின் இல்லமாக இருந்த ட்வின் ஓக்ஸ் மாளிகை, பெய்ஜிங்கின் கைக்குப் போய்விடாதபடி, 1978 டிசம்பரில் தைவானின் அமெரிக்க நண்பர்கள் அமைப்பு ஒன்றுக்கு 10 டாலருக்கு விற்கப்பட்டு, 1982இல் திரும்ப வாங்கப்பட்டது. பின்னர் வந்த பிரதிநிதிகள் அங்கே விருந்தும் வரவேற்பும் நடத்துகிறார்களே தவிர வசிப்பதில்லை; எனவே அவர்களுள் எவரையும் ட்வின் ஓக்ஸில் குடியிருந்தவராக எழுதிவிடாதீர்கள்.