இளம் ஹொக்கி வீரர்களைத் தெரிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சேர், இந்தப் பொடியனுக்கிட்ட விசயம் இருக்கு." மட்டக்களப்பில் பாடசாலை அணிக்கு ஆள் எடுக்கும் நாட்களில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்று யோசித்தால், பெரும்பாலும் உயரத்தையும் ஓட்டத்தையும்தான்.

பெரிய தவறு அதுதான். 14 வயதுப் பிரிவில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவன் இன்னும் சின்னப்பிள்ளையாக இருப்பான். ஜனவரியில் பிறந்தவனுக்கும் அதே வருடம் டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர்களைப் பற்றி 1985இல் வெளிவந்த ஆய்வு, வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அணிகளில் அதிகம் என்று காட்டியது. எனவே பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். மற்றவர்களும் வளர்ந்தபின் உயரம் தந்த முன்னிலை கரைந்துவிடும்.

கோல் கணக்கும் ஏமாற்றும். பலவீனமான அணிக்கு எதிராக அடித்த ஐந்து கோலை விட, இடப்பக்கம் வரும் பந்தை ஒரு பிள்ளை எப்படி எடுக்கிறது என்பது அதிகம் சொல்லும். ஹொக்கி மட்டையின் உருண்டையான பின்பக்கத்தால் பந்தை ஆடக்கூடாது. அதனால் இடப்பக்கப் பந்துக்குச் சிலர் உடம்பையே சுற்றித் திருப்புவார்கள். அதற்குள் எதிராளி வந்துவிடுவான். மணிக்கட்டைத் திருப்பி, மட்டையைக் கவிழ்த்து ரிவர்ஸில் எடுப்பவனுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும். மேடுபள்ளமான நம் புல் மைதானத்திலேயே அதைச் செய்கிறான் என்றால் கட்டாயம் கவனியுங்கள்.

ஒரே நாளில் முடிவெடுப்பதும் கூடாது. வாகரையிலிருந்து விடிய பஸ் ஏறி வந்து, இரவல் மட்டையோடு ஆடும் பிள்ளையை அந்த ஒரு மணி நேரத்தில் எப்படி அளப்பது? மாரி மழை விட்டு மைதானம் காய்ந்ததும் ஒருமுறை, ஜூலையில் இன்னொருமுறை பாருங்கள். இடப்பக்கம் பத்துப் பந்து போட்டு, எத்தனையைக் கட்டுப்படுத்தினான் என்று கொப்பியில் குறியுங்கள். பெப்ரவரியில் மூன்று, ஜூலையில் ஏழு என்றால் அது கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். இரண்டு முறையும் ஏழே எடுத்தவனை விட இவனை நான் முதலில் எடுப்பேன்.

இன்னும் எதையும் சாதிக்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிடவும் வேண்டாம். வட அமெரிக்காவின் ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில், அணிகள் இளம் வீரர்களை ஒருவர்பின் ஒருவராகத் தெரிவு செய்யும். 1999 தெரிவில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் பட்ரிக் ஸ்டெபான். 210ஆவதாக எடுக்கப்பட்ட ஹென்ரிக் செட்டர்பெர்க்தான் 2008இல் அந்த லீக்கின் ஸ்டான்லி கிண்ணம் வென்று, அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரருமானார்.

அதற்காகத் திறமை இருக்கிறது என்ற பேச்சிலேயே ஒருவனை வருடக்கணக்காக அணியில் வைத்திருப்பதும் சரியில்லை. 14 வயதில் செய்த அதே பிழையை 17இலும் செய்கிறான் என்றால், எதைத் திருத்த வேண்டும் என்று அவனிடமே நேராகச் சொல்லி, ஒரு தவணை அவகாசம் கொடுங்கள். எடுபடாத பிள்ளைகளின் பட்டியலைக் கிழித்துப் போடாமல், அடுத்த வருடமும் அவர்களைக் கூப்பிடுங்கள்.