திரைப்பட விழாவில் எந்தப் படத்துக்கு வரிசையில் நிற்கக் கூடாது

டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும், புதிதாக வந்த பிள்ளைகள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அட்டவணையை நீட்டி, "அண்ணா, எதைப் பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்கள் வட்டமிட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. முதல் வருடம் நான் வட்டமிட்டதும் இதே மாதிரி படங்களைத்தான்.

வீடு தேடி வரப்போகும் படத்துக்கு விழாவைச் செலவழிப்பது

எனக்கு இன்றைக்கும் ஆறாத தவறு இது. கான் விழாவில் பெரிய பரிசு வாங்கிய ஒரு படத்துக்காகக் காலையிலேயே போய் இரண்டு மணி நேரம் நின்றேன். இடம் கிடைத்தது, படமும் நன்றாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் இன்னொரு தியேட்டரில் பாதி நாற்காலி காலியாக ஒரு கிர்கிஸ்தான் படம் ஓடியது. புது இயக்குநரின் முதல் படம். அறைத் தோழன் அதற்குப் போயிருந்தான். ராத்திரி அவன் அதில் வரும் கிழவரையும் குதிரையையும் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுகாட்சி நான் ஊருக்குக் கிளம்பிய பிறகு. வரிசையில் நின்று பார்த்த படம் சில மாதத்தில் ஓடிடிக்கு வந்துவிட்டது. கிர்கிஸ்தான் படத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விழாப் படங்கள் டிசிபி என்கிற டிஜிட்டல் பிரதியாக, பெரும்பாலும் பூட்டுப் போட்டுத்தான் வரும். அதைத் திறக்கும் கேடிஎம் சாவி குறிப்பிட்ட தியேட்டரில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே வேலை செய்யும். அதன்பிறகு இந்தியாவில் யாராவது உரிமை வாங்கினால்தான் படம் நம் கண்ணில் படும்.

நம்ம படத்தையே பாருங்கள். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியா சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது, தயாரித்தது நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். அப்படியிருந்தும் ஓடிடிக்கு வர 2023 அக்டோபர் ஆனது. இந்தப் பலம் எதுவும் இல்லாத ஒரு முதல் படம் என்ன செய்யும்?

அதனால் அட்டவணை கைக்கு வந்ததும், இந்தியாவில் ஏற்கனவே விற்றுப்போன படங்களையும் முபி என்கிற ஓடிடி தளம் வாங்கிய படங்களையும் முதலில் அடித்துவிடுங்கள். பிறகு வருடத்துக்கு மிகக் குறைவாகவே படம் எடுக்கிற நாடுகள், முதல் படம், இரண்டாவது படம் என்று தேடுங்கள். பத்துப் படம் பார்க்க நேரம் இருந்தால் ஏழு இப்படி இருக்கட்டும். அந்த ஏழில் மூன்று உங்களை அலுப்படைய வைக்கலாம், பரவாயில்லை. மீதி நான்கை வேறெங்கும் பார்க்க முடியாமல் போகலாம்.

ட்ரெய்லர் பார்த்துவிட்டுப் போவது

வேண்டாம்.

மிக நீளமான படத்தில் தொடங்குவது

ஹங்கேரி இயக்குநர் பேலா தாரின் 'சாத்தான்டாங்கோ' ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அற்புதமான படம். ஆனால் எடுத்த எடுப்பில் அதில் போய் உட்கார்ந்த என் நண்பர்கள் இரண்டு பேர் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. ஈரான் இயக்குநர் கியரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' (1987) ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. தவறுதலாக எடுத்துவந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு சிறுவன் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான், அவ்வளவுதான் கதை. அங்கே தொடங்குங்கள்.

நாட்டுக்கு ஒரு முத்திரை குத்துவது

ஈரான் என்றால் குழந்தைகள் படம் என்பார்கள். 1995இல் 'வெள்ளை பலூன்' எடுத்த அதே ஜாஃபர் பனாஹிதான், பெண்கள் தெருவில் நிம்மதியாக நடமாட முடியாத நிலைமையைக் காட்டும் 'வட்டம்' படத்துக்கு 2000இல் வெனிஸ் விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கினார்.

தொடக்கத்தில் வரும் சின்னங்களைப் பார்க்காமல் விடுவது

ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் ஃபண்ட், பெர்லின் விழாவின் வேர்ல்ட் சினிமா ஃபண்ட் இரண்டும் இந்த மாதிரி படங்களுக்குப் பணம் கொடுக்கும் நிதிகள். பிடித்த படத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால், அவர்கள் வேறு எதற்கெல்லாம் உதவினார்கள் என்று தேடிப் பாருங்கள். என் பட்டியலில் பாதி இப்படிக் கிடைத்ததுதான்.

ஆங்கிலத் தலைப்பை மட்டும் குறித்துக்கொள்வது

மூலத் தலைப்பையும் இயக்குநர் பெயரையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். ஆங்கிலத் தலைப்பு இடத்துக்கு இடம் மாறிவிடும். என் அறைத் தோழன் டைரியில் இருப்பது அந்தக் கிர்கிஸ்தான் படத்தின் ஆங்கிலத் தலைப்பு மட்டும்தான்.