கூட்டம் எத்தனை மணிக்கு என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்

மதுரை மாவட்டத்தில் செல்லம்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய் (ஊர் ஏரி) சீரமைப்பு, கறவை மாட்டுக் கடன் என்று பத்தொன்பது வருடமாகக் கள வேலை பார்க்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், "ஆண் பெண் சமத்துவத்தைத் திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது அக்கா?" என்று கேட்பார்கள். கூட்டம் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று பாருங்கள் என்பேன்.

முதலில் அந்த ஊரில் ஒரு பெண்ணோடு ஒரு முழு நாள் கூடவே இருங்கள். மல்லிகைத் தோட்டம் உள்ள ஊரென்றால் விடியும் முன்பே மொட்டுப் பறிக்கப் போய்விடுவார்கள். விரிவதற்குள் பூ மார்க்கெட் போயாக வேண்டும். மாடு வைத்திருப்பவருக்கு விடியற்காலையும் சாயங்காலமும் பால் நேரம். இருட்டினால் அடுப்படி. பல ஊர்களில் எனக்குக் கிடைத்தது மதியம் இரண்டரை முதல் நான்கு வரைதான். நூறு நாள் வேலை நடக்கிற நாட்களில் அதுவும் கிடையாது. ஆகவே நேரத்தை ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊர்ப் பெண்களிடம் கேளுங்கள்.

அப்புறம் இடம். எங்கள் கண்மாய்க் கூட்டம் வெகு காலம் ஊர்ப் பொது இடமான மந்தையில்தான், இரவு ஏழு மணிக்கு மேல் நடந்தது. பெண்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு அம்மாவிடம் கேட்டேன். "மந்தைல நாங்க எப்படித்தா உக்கார்றது? மாமன், கொழுந்தனாரெல்லாம் இருப்பாகள்ல" என்றார். கூட்டத்தைத் தொடக்கப்பள்ளி வராந்தாவுக்கு மாற்றினோம். எல்லாருக்கும் ஒரே பாய், வட்டமாக உட்காருவது. அடுத்த மாதமே பெண்கள் வந்தார்கள்.

வந்தார்கள், ஆனால் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் பாதிக்குப் பாதி பெண்கள் என்று அறிக்கை எழுதிவிடலாம். நான் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு கோடு போட்டு இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். யார் வாய் திறந்தாலும் ஒரு குச்சி. முதல் கூட்டத்தில் ஆண்கள் பக்கம் முப்பத்தொன்று, பெண்கள் பக்கம் இரண்டு. அதிலும் ஒன்று, "பிள்ளை அழுகுது, போகட்டுமா?" என்று கேட்டது. அந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் எல்லாரிடமும் காட்டினேன். நீங்களும் ஆறு மாதம் இப்படிக் குறித்து வையுங்கள்.

சட்டதிட்டத்தையும் பாருங்கள். பாசனச் சங்கங்களில் பட்டா உள்ளவர்தான் உறுப்பினர் என்று இருக்கும். குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தும் நான் போன ஊர்களில் பட்டா பெரும்பாலும் அப்பா பெயரில், அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் சங்க விதியில் "கண்மாயைப் பயன்படுத்தும் எவரும்" என்று எழுதினோம். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி உறுப்பினர் அட்டை. ஆடு மேய்க்கும் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் கண்மாய்ச் சீரமைப்பு வரைபடத்தைப் பார்த்து, "கரையோரமாவே இம்புட்டு ஆழம் தோண்டுனா ஆடு குட்டி எப்படி இறங்கும்? துணி அலசுற பிள்ளைக வழுக்கி விழாதா?" என்று கேட்டார். தண்ணீர் திறந்துவிடும் மடை, உபரி நீர் வழியும் கலுங்கு எல்லாம் பார்த்திருந்த எங்கள் பொறியாளர் கரையைச் சரிவாக வைத்து, படித்துறையும் சேர்த்து மறுபடி வரைந்தார்.

கறவை மாட்டுக் கடனில் ஒரு விஷயத்தைத் தவறவிடாதீர்கள். கடன் மனைவி பெயரில் இருக்கும், தவணையும் அவர் தலையில். பால் சங்க உறுப்பினர் கணவராக இருப்பார். பால் பணம் அவர் கணக்குக்குப் போய்விடும். கடன் கொடுக்கும் முன்பே பால் சங்கத்திலும் அந்தப் பெண்ணை உறுப்பினராக்குங்கள்.

சரி, இனி நம் ஆபீஸ். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் வண்டிக் கடனும் பெட்ரோல் படியும் ஆண் ஊழியர்களுக்கு மட்டும்தான். நாங்கள் டவுன் பஸ்ஸில் போவோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கூட்டத்தைப் பாதியில் விட்டு ஓடி வருவோம். வருடக் கடைசியில் எங்கள் கள நாட்கள் குறைவு என்று சம்பள உயர்வைக் குறைத்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. வண்டிக் கடன், ஓட்டக் கற்றுக்கொள்ளும் செலவு, உரிமக் கட்டணம் மூன்றையும் பெண்களுக்கென்று பட்ஜெட்டில் எழுதுங்கள். மகப்பேறு விடுப்பும் அப்படித்தான். 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். திட்டம் ஒப்பந்த வேலை என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க வேண்டுமானால், திட்ட வரைவு எழுதும்போதே மாற்று ஆளுக்கான சம்பளத்தைச் சேர்த்துவிடுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 2013 சட்டப்படி பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக, உறுப்பினரில் பாதியாவது பெண்களாக, வெளியாள் ஒருவரோடு. அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பளம் வாங்காத தன்னார்வலரும் பயிற்சிக்கு வந்த மாணவியும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். வேலையாகப் போகும் கிராமமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். இதை நிறையப் பேர் அறியாததால் பைக்கின் பின்சீட்டில் நடந்ததை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புகார் கொடுக்கப் பொதுவாக மூன்று மாத அவகாசம். குழுவினரின் பெயரையும் கைபேசி எண்ணையும் ஆபீஸ் சுவரில் ஒட்டினால் போதாது. கள ஊழியர்கள் ஆபீஸுக்கு மாதம் ஒருமுறைதான் வருவார்கள். அவர்கள் கையில் இருக்கும் கள நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிக் கொடுங்கள்.