காத்திருக்கும் காலத்திலேயே தொடங்குவது எப்படி

கொழும்பில் ஏதாவது ஒன்றுக்காகக் காத்திராத தமிழ் வீடு அரிது. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை முதலில் பெறுபேற்றுக்கும், அது வந்த பின் அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்கும், அதற்கும் பின் பல்கலைக்கழகம் அழைக்கும் நாளுக்கும் காத்திருக்கிறது. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் விசாவுக்காகக் காத்திருக்கிறார். கடை போட எண்ணியவர் தை பிறக்கட்டும் என்கிறார். இவற்றுள் பலவற்றை விரைவுபடுத்துவது எவர் கையிலும் இல்லை. இடையில் கிடக்கும் மாதங்களை எப்படி நடத்துவது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும்.

முதல் வேலையாக ஒரு கொப்பியில், "அது வந்த பிறகு" என்று ஒத்திவைத்திருப்பவற்றை ஒன்றுவிடாமல் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் அதைத் தடுத்து நிற்பது எது என்று குறியுங்கள். விசா வராமல் விமானச்சீட்டு எடுக்க முடியாது. அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் பெறுபேறு வந்த பின் ஆங்கிலம் படிப்பேன், வெளிநாடு போன பின் சமையல் பழகுவேன் என்பன போன்ற வரிகளுக்கு எதிரே எழுத உண்மையான தடை எதுவும் அகப்படாது. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்றிருந்த கொக்கின் கதையில் சேர வேண்டிய வரிகள் அவை. பட்டியலில் பாதியாவது இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அவற்றிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்வதற்கு ஓர் அளவுகோல் உண்டு: எதிர்பார்க்கும் பதில் எப்படி வந்தாலும் வீண்போகாத வேலை எதுவோ, அதையே முதலில் எடுக்க வேண்டும். விசா கிடைத்தால் மட்டும் பயன்படும் பயிற்சிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியவருக்கு, விசா மறுக்கப்படும் நாளில் இழப்பு இரட்டிப்பாகிறது. தையல், கணக்குப் பதிவு, மின்னிணைப்பு வேலை போன்றவை எங்கும் செல்லுபடியாகும். ஏற்கெனவே ஒரு தொழிலைச் செய்து பழகியவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பிடப்பட்டு, முழுப் பாடநெறியையும் மீண்டும் படிக்காமலே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெற வழியிருக்கிறது. நாவலையில் 1980 முதல் இயங்கும் திறந்த பல்கலைக்கழகத்தில், உயர்தரச் சித்தியைக் கேட்காத அடிப்படைப் பாடநெறிகளும் உள்ளன. வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இதைத் தோற்றவர்களின் இடம் என்று ஒதுக்குவது வெறும் வறட்டுக் கௌரவம்.

இந்த நகரத்தில் சிங்களம் கற்பதை நான் பட்டியலின் மேலே வைப்பேன். "போகப் போகிறவனுக்குச் சிங்களம் எதற்கு" என்று கேட்டபடியே வெள்ளவத்தையில் ஆண்டுக்கணக்காக இருந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். போவது தடைப்பட்டால் வேலை தேட வேண்டியது இங்கேதான். அரச சேவையில் சேர்ந்தால் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். போவது உறுதியானாலும், அதுவரை ஏறி இறங்க வேண்டிய அலுவலகங்களில் யாரையும் துணைக்கு அழைக்காமல் பேச முடிவது சிறிய விடயமன்று. வகுப்புக்குப் பணம் சேரும் வரை இதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுகிறவர், இறங்கும் இடத்தில் கையைக் காட்டுவதற்குப் பதிலாக நடத்துநரிடம் "மெதன பஹினவா" என்று சொல்லலாம். மரக்கறிக் கடையில் பொருளைச் சுட்டிக்காட்டி விலை கேட்காமல் "கீயத" என்று கேட்கலாம். விலை சொல்லும் வேகத்தில் எண்கள் முதலில் பிடிபடமாட்டா. அதற்காகவே ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போவது நல்லது. கடைக்காரரே பிறகு நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தருவார்.

தெரிவு செய்ததற்கு நேரமும் இடமும் குறிக்காவிட்டால் அது நல்ல எண்ணமாகவே நின்றுவிடும். இன்னது நடந்தவுடன் இன்ன இடத்தில் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள், வெறுமனே செய்வேன் என்று உறுதி பூண்டவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரயிலில் வேலைக்குப் போகிறவர், பம்பலப்பிட்டி தாண்டியதும் கைத்தொலைபேசியில் ஒரு பாடத்தைத் திறப்பேன், கொம்பனித்தெருவில் மூடுவேன் என்று வகுத்துக்கொள்ளலாம். காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டு வாசிப்பது கடினம். காதில் கேட்கும் பாடமே அங்கு பொருந்தும். வீட்டில் அமைதி கிடைக்காத மாணவருக்கு, 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது.

நல்ல நாள் பார்க்கும் வீட்டில் இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். கடைப் பலகையை மாட்டுவதற்கும் பால் காய்ச்சுவதற்கும் அம்மா சொல்லும் நாளையே வைத்துக்கொள்ளுங்கள். புறக்கோட்டையில் மொத்த விலைகளை விசாரித்து எழுதவும், பத்துப் பேருக்கு மாதிரி தைத்துக் கொடுத்துக் குறை கேட்கவும் முகூர்த்தம் தேவையில்லை. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒத்துப்போகாத நாள்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதுமில்லை.

படிப்பையும் பணத்தையும் சாராத ஒன்றும் பட்டியலில் இருக்கட்டும். வெளிநாடு போகிறவர், போன பின் தொலைபேசியில் கேட்டுச் சமைக்கலாம் என்று நினைப்பார்; அம்மாவோ "கண்ணளவுதான்" என்று சொல்லி வைத்துவிடுவார். கறித்தூளுக்கு வறுக்கும் நாளில் பக்கத்தில் நின்று, மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம், சின்னச்சீரகம் என்று அவர் கைப்பிடியாக எடுக்கும் ஒவ்வொன்றையும் தாச்சியில் விழும் முன் ஒரு கோப்பையில் வாங்கி, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெந்தயம் எந்த நிறத்துக்கு வந்ததும் இறக்கினார் என்பதையும் எழுதுங்கள். பின்னாளில் அந்த வரிதான் தேவைப்படும். தொடர்மாடியில் மிளகாய் வறுத்தால் மேல்மாடி வரை தும்மும். சன்னல்களைத் திறந்து வைத்த பிறகே அடுப்பை மூட்டுங்கள்.

இடையில் ஒரு நாள் தவறினால், அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்யாமல் வழக்கமான அளவையே செய்யுங்கள். ஒரு செயல் பழக்கமாக ஊன்றச் சராசரியாக 66 நாள்கள் ஆனதாகவும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டதாகவும் 2010இல் வெளியான இலண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு முறை தவறியது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. காத்திருந்த கடிதம் பாடநெறியின் நடுவில் வந்துவிட்டால், நிறுத்துவதற்கு முன் அதுவரை முடித்த பகுதிக்கு நிறுவனத்திடம் எழுத்தில் ஓர் அத்தாட்சி வாங்கி, அதைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.