முதலில் குப்பைக் கூடை, அப்புறம் தொட்டி

எங்கள் பால்கனி ஏழடி நீளம், மூன்றடி அகலம். துணி காயப்போடும் கொடி போக மிச்சம் கிடந்த இடத்தில் நான் முதன்முதலில் வைத்தது ஆறு தக்காளிச் செடிகள். காய்கறி விலை ஏறிக்கொண்டே போகிறது, வீட்டிலேயே விளைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. தொட்டி, மண், உரம், முட்டுக்கொடுக்கக் கம்பு என்று சம்பளத்தில் நல்ல துண்டு போயிற்று. செடிகள் என் தோள் உயரம் வளர்ந்தன. கொத்துக் கொத்தாகப் பூத்தன. பூத்ததெல்லாம் கொட்டியும் போயின. அந்தப் பருவம் முழுக்க நான் பறித்தது 11 தக்காளி. செலவை வகுத்துப் பார்த்த என் கணவர் "ஒவ்வொன்றும் தங்கத் தக்காளி" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பூ ஏன் கொட்டியது என்று பிறகுதான் புரிந்தது. பகலில் வெயில் 32, 33 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நின்றால், தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பிஞ்சு பிடிக்காமலே பூ உதிரும். அது 2024. அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே மிகச் சூடானது என்று உலக வானிலை அமைப்பு சொன்ன ஆண்டு. நானோ மேற்குப் பார்த்த சுவரோரம் கறுப்புத் தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

ஆக, இந்தக் குறிப்புகளில் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: என்ன செடி வைக்கலாம் என்று விதைப் பொட்டலங்களைப் பார்க்கப் போகாதீர்கள். முதலில் உங்கள் குப்பைக் கூடையைப் பாருங்கள்.

இரண்டு வாரக் கணக்கு

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். சாப்பிடக்கூடியதாக இருந்து கெட்டுப்போய்த் தூக்கி எறிகிற எதுவானாலும் எழுத வேண்டும். எவ்வளவு என்று கண்ணளவில் போட்டால் போதும், எடையெல்லாம் வேண்டாம். யார் எறிந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் முதல் நாளே அது சண்டையாகிவிட்டது.

என் தாளில் இருந்தவை: கொத்தமல்லி, பாதிக்கட்டு, நான்கு முறை. வெங்காயத்தாள் இரண்டு முறை. புதினா ஒரு கட்டு, ஏறக்குறைய முழுசாக. வாடிய கீரை. ரொட்டியின் கடைசித் துண்டுகள். சோறு மூன்று முறை. காலிஃபிளவரின் தண்டும் இலையும். தக்காளி? ஒன்றுகூட இல்லை. வாங்குகிற தக்காளி அத்தனையையும் நாங்கள் தின்று தீர்த்துவிடுகிறோம்.

இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை. 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 79 கிலோ, வீட்டுக்குள் மட்டும். அது காற்றுப் படாமல் குப்பை மேட்டில் புதைந்தால் மீத்தேன் வாயு வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கிற வாயு அது.

தாளை வைத்துச் செடி தேர்ந்தெடுப்பது சுலபம். கட்டாக வாங்கி, கிள்ளிக் கிள்ளிப் போட்டு, மூன்றாம் நாள் அழுகுகிறதே, அதற்குத்தான் தொட்டி. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் இடத்தை அடைக்கும், மாதக்கணக்கில் காக்க வைக்கும். கடையில் வாங்கிவந்தாலும் பல நாள் கெடாது. அவற்றைக் கடைக்கே விட்டுவிடுங்கள்.

நான் வைத்திருப்பவை

வெங்காயத்தாளுக்குக் காசே தேவையில்லை. வாங்கிய கட்டில் வேரோடு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, அந்த அடித்துண்டைத் தொட்டியில் ஊன்றுங்கள். தண்ணீர்க் குவளையில் போட்டும் வளர்க்கலாம். ஆனால் இரண்டு முறை வெட்டியதும் நூல்போல மெலிந்துவிடும், தண்ணீரும் நாறும். மண்ணில் என்றால் மாதக்கணக்கில் வெட்டலாம்.

புதினாவும் அப்படித்தான். தடித்த தண்டாக ஒரு சாண் எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். தனித் தொட்டியில் நடுங்கள். வேறு செடியோடு சேர்த்து வைத்தால் அதன் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அரை நிழல் போதும்.

கொத்தமல்லிதான் படுத்தும். சமையலறை டப்பாவில் இருக்கிற மல்லியையே விதைக்கலாம். ஒரு மணிக்குள் இரண்டு விதை உண்டு. சப்பாத்திக் கட்டையை அதன்மேல் லேசாக உருட்டினால் இரண்டாக உடையும். பொடியாக்கிவிடாதீர்கள். இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி மண் மூடுங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும், பொறுமை வேண்டும். பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும், போட்ட இடத்திலேயே வளரட்டும். வெயில் ஏறினால் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூக்கத் தொடங்கிவிடும். அது உங்கள் தப்பில்லை. அந்தப் பச்சைக் காய்களையும் நசுக்கிச் சமையலில் போடலாம், வாசனை பிரமாதம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிதாக ஒரு தொட்டி விதைத்தால்தான் வரிசை அறாமல் வரும்.

வாடிய கீரைக்குப் பதிலாக நான் கண்டுபிடித்தது பட்டாணித் தளிர். சமைக்க வைத்திருக்கும் முழுப் பட்டாணி (உடைத்த பருப்பு முளைக்காது), இரவு முழுக்க ஊறியது, நான்கு சென்டிமீட்டர் மண் உள்ள தட்டில் நெருக்கமாகப் பரப்ப வேண்டும். பன்னிரண்டு நாளில் கத்தரிக்கோலால் வெட்டலாம். அடிக்கணுவை விட்டு வெட்டினால் இன்னொரு முறை துளிர்க்கும். விதைக்கடைப் பட்டாணி இதற்கு வேண்டாம். பூஞ்சணம் வராதிருக்க அதில் மருந்து பூசியிருக்கலாம்.

மிளகாய் ஒரே ஒரு செடி, பத்து லிட்டர் தொட்டியில். நல்ல வெயில் வேண்டும். மூன்றாவது வருஷமாகக் காய்க்கிறது. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வெயில்

தொட்டிச் செடிக்கு இலை காய்வதைவிட வேர் வேகுவதுதான் ஆபத்து. கறுப்புத் தொட்டியாக இருந்தால் வெள்ளைச் சாயம் அடியுங்கள், இல்லை பழைய துணியைச் சுற்றுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றுக்கு. மண்ணுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ மூடாக்காகக் கிடக்கட்டும். கோடை உச்சத்தில் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை கட்டுவேன். வலை கிடைக்காத வருஷம் பழைய மெல்லிய படுக்கை விரிப்பைக் கட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் செடி பிழைத்தது.

தண்ணீர் அதிகாலையில், அடித்துளை வழியே வழியும்வரை. ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றியே நான் ஒரு செடியை அழுக வைத்திருக்கிறேன். சூட்டுக்கும் இலை தொங்கும். சாயங்காலம் தானே நிமிர்ந்தால் அதற்குத் தாகம் இல்லை.

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் அன்றன்றே செடிக்குப் போகட்டும். முட்டை வேகவைத்த தண்ணீரும் ஆறியபின் போகலாம். உப்புப் போட்டது மட்டும் ஆகாது.

அடுப்படி

தாளில் மிச்சம் இருந்தவை சமைக்கிற விதத்தால் சரியானவை. கொத்தமல்லித் தண்டிலும் நல்ல மணம் உண்டு, அரைப்பதில் சேருங்கள். காலிஃபிளவர் தண்டின் தடித்த தோலைச் சீவினால் உள்ளே இளசாக இருக்கும். மெல்லிசாக நறுக்கிப் பூவோடு சேர்த்து வதக்கலாம். அதன் இலை, பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை எல்லாம் கீரைதான். எல்லாத் தோலும் அப்படி இல்லை: உருளைக்கிழங்கில் பச்சை தட்டிய பகுதியையும் முளையையும் தாராளமாக வெட்டி எறியுங்கள், அது விஷம். ரொட்டியை வாங்கிய அன்றே பாதியை உறைபெட்டியில் வைத்துவிட்டால் கடைசித் துண்டுப் பிரச்சினையே இல்லை. நேராக வாட்டிக்கொள்ளலாம்.

எரிபொருள் கதை தனி. மூடி போட்டுச் சமைப்பது, பயறை இரவே ஊறவைப்பது, புளிப்பானதைக் கடைசியில் சேர்ப்பது (புளிப்பு முன்னாலேயே போனால் பயறு வேக மறுக்கும்), குக்கரில் அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைப்பது, இவை எல்லோருக்கும் தெரிந்தவை, பாதிப் பேர் செய்யாதவை. நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

எனக்குப் புதிதாக இருந்தது போர்த்திச் சமைப்பது. உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டில் பிரிட்டனில் வைக்கோல் பெட்டிக்குள் பானையை வைத்துச் சமைத்திருக்கிறார்கள். நான் வைக்கோலுக்குப் பதில் ஒரு பழைய கம்பளியும் இரண்டு தலையணையும் வைத்திருக்கிறேன். அரிசியும் அளவான தண்ணீரும் நன்றாகக் கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும், இறுக்கமான மூடியோடு இறக்கி, கனமான துண்டில் சுற்றி, கம்பளிக்குள் புதைத்துவிடுவேன். முக்கால் மணி நேரத்தில் சோறு. முழு மைசூர்ப் பருப்பு என்றால் 15 நிமிடக் கொதி, இரண்டு மணி நேரப் போர்வை. பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும், குறைவாக இருந்தால் சூடு நிற்காது. நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. சோறு தவிர மற்றவற்றைப் பரிமாறுமுன் திரும்ப ஒரு கொதி விடுங்கள். இறைச்சியை இப்படிச் செய்ய நான் துணிந்ததில்லை.

இதில் விளையாடக் கூடாத ஒன்று சிவப்பு ராஜ்மா. அரைகுறையாக வெந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். மெல்லிய சூட்டில் கிடந்தால் அதன் நச்சு பச்சையாக இருந்ததைவிட அதிகமாகவும் ஆகலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் போர்வையைப் பற்றி யோசிக்கலாம். நான் அதைக் குக்கரிலேயே முடித்துவிடுகிறேன்.

மீந்த சோற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் புழுங்குகிற நாளில் ஒரு மணி நேரம். அகலத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும், உடனே குளிர்பெட்டிக்குள். வெந்த சோற்றிலும் பிழைத்திருக்கும் கிருமி வித்துகள் விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

மிச்சத்தின் மிச்சம்

தோல், காம்பு, முட்டை ஓடு எல்லாம் வாளிக்கு. இருபது லிட்டர் வாளியின் பக்கத்திலும் அடியிலும் துளை போட்டு, கீழே தட்டு வைத்து, ஒரு கைப்பிடி ஈரக் கழிவுக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ போட வேண்டும். வாரம் ஒரு முறை கிளறினால் மூன்று, நான்கு மாதத்தில் மண்வாசனை வரும். எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, மீன் வேண்டாம்.

என் முதல் வாளியில் காய்ந்த இலையும் இல்லை, கீழே தட்டும் இல்லை. பத்தாம் நாள் கீழ்வீட்டு அக்கா மாடி ஏறி வந்தார், கையில் பழுப்புத் திட்டு விழுந்த வெள்ளைப் படுக்கை விரிப்போடு. நான் மன்னிப்புக் கேட்டேன், விரிப்பை வாங்கித் துவைத்தும் கொடுத்தேன், கறை போகவில்லை. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்ததைப் போட்டுக் கிளறினால் இரண்டு நாளில் அடங்கும். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அவர் ஏறி வந்திருக்க மாட்டார். இப்போது அவருக்கு வாரம் ஒரு கட்டுப் புதினா போகிறது. நான் நிழல்வலைக்குப் பதிலாகக் கட்டியதும் அந்த விரிப்பைத்தான், அவர் வேண்டாமென்று கொடுத்துவிட்டது.

தாள் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. போன இரண்டு வாரத்தில் சோறு ஒரு முறை, பாதி எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் என் கணவர், குட்டிக் குட்டியாகக் காய்க்கும் தக்காளி நாற்று ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பெரிய பழ வகைகளைவிட இது வெயிலைத் தாங்கும் என்று எங்கேயோ படித்தாராம். மிளகாய்க்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே எண்ணுகிறார். நேற்று வரை 41.