சென்னையில் சைக்கிளா? ரொம்ப ஓரமாகப் போகாதீர்கள்

சென்னையில் சைக்கிள் ஓட்டுவது யார் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் கண்ணாடியுமாகப் பறப்பவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். மற்ற நாட்களில் ஓட்டுகிறவர்கள் வேறு: பேப்பர் போடுபவர், கேரியரில் டீ கேன் கட்டியவர், கொத்தனார், நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும் வாட்ச்மேன், அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ப்ளஸ் ஒன் மாணவி. 2014-இலேயே மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குத் தனிக் கொள்கை வகுத்தது. சில சாலைகளில் நடைபாதை அகலமானது. சைக்கிளுக்கான தடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆக, பஸ்ஸோடும் தண்ணி லாரியோடும்தான் ஓட்டியாக வேண்டும்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் சாலையின் விளிம்போடு ஒட்டிப் போவார்கள். இதுதான் பெரிய தவறு. மணல், உடைந்த கண்ணாடி, மழைநீர் வடிகாலின் கம்பி மூடி எல்லாம் இருப்பது அங்கேதான். மூடியின் கம்பிகள் சாலைபோகும் திசையிலேயே இருந்தால் ஒல்லியான டயர் உள்ளே இறங்கிவிடும். மழைத் தண்ணீர் தேங்கினால் மூடியே தெரியாது. நிறுத்தியிருக்கும் காரின் கதவு சட்டென்று திறப்பதும் அந்த ஓரத்தில்தான். விளிம்பிலிருந்து சுமார் மூன்றடி தள்ளி, வளையாமல் நேராகப் போங்கள். கார்கள் வரிசையாக நின்றால் ஒரு கதவு திறக்கும் அளவுக்கு இன்னும் விலகுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

அடுத்தது ராங் ரூட், அதாவது வண்டிகள் வரும் திசைக்கு எதிராகப் போவது. மீடியனில் திரும்ப இடம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மிதிக்கிறவருக்கு வரும் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பும் ஆட்டோக்காரர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். நீங்கள் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பதே மேல்.

நிறுத்தத்துக்கு ஒதுங்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள சந்தில் நுழையவே கூடாது. பின்னாலேயே நில்லுங்கள். இடப்பக்கம் திரும்பும் லாரிக்கும் இதே கதைதான். டிரைவருக்கு அந்தப் பக்கம் பாதி தெரியாது.

இரவில் பழைய டைனமோ விளக்கை மட்டும் நம்பாதீர்கள். சக்கரம் சுற்றினால்தான் அது எரியும். சிக்னலில் நிற்கும் நேரத்தில் நீங்கள் இருட்டில் நிற்பீர்கள். பின்னால் ஒரு பேட்டரி சிவப்பு விளக்கு, மட்கார்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர், இவ்வளவு போதும்.

முட்டி வலிக்கிறது என்பவர்களில் நிறையப் பேர் சீட்டை ரொம்பத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும், அந்த அளவுக்கு உயர்த்துங்கள். டயரைத் தொட்டுப் பார்த்து வாரம் ஒருமுறை காற்று அடியுங்கள். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினால், சென்னைப் புழுக்கத்தில் சட்டை பாதியாவது காய்ந்திருக்கும்.

அப்புறம் பூட்டு. பின்சக்கரத்தில் இருக்கும் பூட்டு சக்கரம் சுற்றாமல்தான் தடுக்கும். சைக்கிளை அப்படியே தூக்கி குட்டியானை வேனில் போட்டுக்கொண்டு போக அது தடையே இல்லை. சங்கிலியை ஃப்ரேமுக்குள் விட்டு, அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள்.