கனடாவுக்குப் புதுசாப் போறவை விடுற காசுப் பிழையள், முக்கியமா அந்தக் கார்

மார்கழி மழைக்குள்ள கோண்டாவிலில வந்து நிக்கிறன். தை மாசம் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போற மூண்டு பெடியள், ஒருத்தன் அக்கான்ர மகன், மற்ற ரெண்டும் அவன்ர கூட்டாளியள், பின்னேரத்தில விறாந்தையில வந்திருந்து கேள்வி கேக்கினம். நேற்று மருமகன் போனை நீட்டி ஒரு கார்ப் படம் காட்டினான். இன்னும் பிளேனே ஏறேல்லை, அங்கை இருக்கிற கூட்டாளி அதுக்குள்ள கார் பாத்து வைச்சிட்டானாம். "மாமா, ரெண்டு கிழமைக்கு 190 டொலர்தானாம்" எண்டான். எனக்குத் தலை விறைச்சுப் போச்சு, இதே வசனத்தைக் கேட்டுத்தான் நானும் 2013இல போய் விழுந்தனான்.

மொத்த ஜக்கெற் வாங்குங்கோ, வெளியில சாப்பிடாதேங்கோ எண்டெல்லாம் நான் எழுதப் போறேல்லை. அதை உங்கட சித்தியே வைபரில சொல்லுவா.

சம்பளத்தைப் பெருக்கிப் பாக்கிறது

விலையை ரூபாவில பெருக்கிப் பாக்காதேங்கோ எண்டு எல்லாரும் சொல்லுவினம். கோப்பி 2 டொலர், ஐயோ 400 ரூபாவோ எண்டு குடிக்காமல் திரும்பி வாறது, அதில பெரிய நட்டம் ஒண்டும் இல்லை, ரெண்டு மாசத்தில தானா விட்டுப் போம். ஆளைக் கவிழ்க்கிறது சம்பளத்தைப் பெருக்கிறதுதான். ஒன்ராறியோவில 2025 ஒக்ரோபரில இருந்து ஆகக் குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 17 டொலர் 60 சதம். 200 ஆல பெருக்கினா 3,520 ரூபா, ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவோ எண்டு இஞ்ச இருக்கேக்கையே செலவுக்குக் கை நீளத் தொடங்கீடும். ஆனா ஸ்ருடன்ற் விசாவில படிப்பு நடக்கிற காலத்தில வெளிவேலை கிழமைக்கு 24 மணித்தியாலம்தான், கூட்டிப் பாத்தா 422 டொலர், அதிலையும் பிடிபாடு போகும்.

விலையை நீங்கள் ரூபாவிலயும் பாக்காதேங்கோ டொலரிலயும் பாக்காதேங்கோ, எத்தினை மணித்தியாலம் நிக்க வேணும் எண்டு பாருங்கோ. 140 டொலர் சப்பாத்து எண்டால் 8 மணித்தியாலம் நாரி முறியப் பெட்டி தூக்க வேணும். அப்பிடிப் பாத்தா கன சாமான் கடையிலயே இருந்திடும்.

ஒட்டியிருக்கிற விலை

அதுதான் விலை எண்டு நினைக்காதேங்கோ, கவுண்டரில 13 வீதம் வரி ஏறும். அரிசி, மரக்கறி, பாலுக்கு இல்லை.

கார்

இதுக்குத்தான் எழுதவே வெளிக்கிட்டனான்.

2012 புரட்டாதியில போய் இறங்கினனான், கார் எடுத்தது அடுத்த தையில. வேலை ஒரு பக்டரியில, இரவுச் சிப்ற், மணித்தியாலத்துக்கு 10 டொலர் 25 சதம், அப்ப அதுதான் ஆகக் குறைஞ்சது. ரெண்டு பஸ் மாறிப் போக வேணும், குளிருக்க நிண்டால் மூக்கு இருக்கோ எண்டு தடவித்தான் பாக்க வேணும். ஆனா உண்மையைச் சொன்னா குளிரில்லை காரணம். ஒரு நாள் கோயிலடியில என்னோட படிச்ச ஒருத்தன் கார்த் திறப்பை விரலில சுத்திக்கொண்டு நிண்டான், "எதில வந்தனீ" எண்டு கேட்டான், பஸ்ஸில எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

அடுத்த சனி கார் விக்கிற இடத்துக்குப் போயிட்டன். ஒட்டியிருந்த விலை 15,900, வரியோட 18,000க்குக் கிட்ட. அந்த நாட்டில எனக்குக் கடன் எடுத்துக் கட்டின சரித்திரம் ஒண்டும் இல்லை, அதால வட்டி 20 வீதம். வித்த ஆள் அந்த 20ஐ ஒருக்காவும் வாயால சொல்லேல்லை, பேப்பரில கிடந்தது, நான் வாசிக்கேல்லை. அவர் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒண்டுதான், ரெண்டு கிழமைக்கு 184 டொலர், 7 வருசம். நானும் மாசத்துக்கு ரெண்டு தரம், 368 எண்டு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக் கையெழுத்து வைச்சன். வருசத்துக்கு 52 கிழமை எண்டால் 24 தரமில்லை, 26 தரம். ஒரு மாசத்தில மூண்டு தரம் பாங்கில இருந்து காசு போன அண்டைக்குத்தான் அது மண்டையில ஏறினது. பேந்து கல்குலேட்டரை எடுத்து அடிச்சன்: 184ஐ 26 ஆல பெருக்கி 7 ஆல பெருக்கினா 33,488. 18,000 டொலர்க் கார்!

இஞ்ச லீசிங்கில ஓட்டோ எடுத்து முறிஞ்ச சனத்தைப் பாத்து "கணக்குத் தெரியாததுகள்" எண்டு சொல்லித் திரிஞ்ச ஆள் நான்.

இன்சூரன்ஸ் எவ்வளவு எண்டு கேட்டது கையெழுத்து வைச்சாப் பிறகு. இதைவிட ஒரு விசர் வேலை இருக்கேலாது. புது லைசென்ஸ், அதோட விலாசம் ஸ்காபறோ, அங்கை எந்தப் பகுதியில இருக்கிறியள் எண்டதை வைச்சும் விலை மாறும், எனக்கு வந்தது மாசம் 380. இல்லாமல் ஓடலாமோ எண்டால் ஏலாது, பிடிபட்டால் முதல் தரமே குறைஞ்சது 5,000 டொலர் தண்டம். இதுக்கு மேல பெற்றோல், குளிர்கால ரயர், பார்க்கிங். கைக்கு வாறது 1,450, அதில காருக்கு மட்டும் 950 போச்சு. வேலைக்குப் போகத்தான் கார் எடுத்தனான், பிறகு காருக்குக் கட்டத்தான் வேலைக்குப் போனனான்.

ரெண்டு வருசத்தால வித்துத் துலைப்பம் எண்டு போனால் அதுக்கும் வழியில்லை. கட்டினது 9,500க்கு மேல, அப்ப மிச்சம் 8,500 மட்டில இருக்குமெண்டு நினைச்சுக்கொண்டு போனன். 15,000 இருக்கு எண்டாங்கள். தொடக்கத்தில கட்டுற காசு முக்கால்வாசியும் வட்டிக்குத்தான் போகும், முதல் மாசத்தில கட்டின 400க்குக் கிட்ட இருந்த காசில 300 வட்டி. காருக்கு அவங்கள் தாறன் எண்டது 8,000. அதாவது என்ர காரைக் குடுத்து மேல 7,000மும் வைச்சால்தான் நான் வெளியில வரலாம். வைக்கிறதுக்குக் காசில்லை, கடைசி வரைக்கும் கட்டினன்.

இதில இண்டைக்கும் எனக்குப் பத்துறது என்னெண்டால், அந்தக் காருக்கு முன்னால நிண்டு எடுத்த படம் ஒண்டு இப்பவும் இந்த வீட்டுச் சோகேசில நிக்குது. கறுப்புக் கண்ணாடி வேற போட்டிருக்கிறன். நான் இவ்வளவும் சொல்லி முடிய மருமகன் அதைக் காட்டி, "நீங்கள் போய் நாலு மாசத்தில வாங்கினனீங்கள்தானே மாமா" எண்டான். எடுத்து உள்ளுக்க வையுங்கோ எண்டு அம்மாட்டச் சொன்னன், கேக்கிறா இல்லை.

சரி, என்ன செய்யிறது. முதல் வருசம் வீட்டை பஸ் ஓடுற ரோட்டுக்குக் கிட்டப் பாருங்கோ, அறை சின்னனா இருந்தாலும் பரவாயில்லை. ரொறன்ரோ பஸ்ஸுக்கு பிரெஸ்ரோ அட்டையில 3 டொலர் 30 சதம், ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள எத்தினை தரமும் மாறி ஏறலாம், 2024 மாசியில இருந்து பக்கத்து ஊர் பஸ்ஸுகளுக்கு மாறினாலும் திரும்பக் காசு கேக்காது. சின்னக் கிரெடிட் கார்ட் ஒண்டு எடுத்து ஒவ்வொரு மாசமும் முழுக்கக் கட்டுங்கோ, எனக்கு இல்லாமல் போன அந்தக் கடன் கட்டின சரித்திரம் அப்பிடித்தான் வரும், குறைஞ்ச கட்டணம் எண்டு கீழ போட்டிருக்கிறதைக் கட்டிப்போட்டு இருக்காதேங்கோ. ஒரு வருசத்தால கார் பாக்கலாம். அப்பவும் முதல் இன்சூரன்ஸ் விலை, பிறகுதான் கார். விக்கிற ஆளிட்ட கிழமைக் கணக்குக் கேக்காதேங்கோ, "கடைசி மட்டும் நான் கட்டுற மொத்தக் காசு எவ்வளவு, எழுதித் தாங்கோ" எண்டு கேளுங்கோ. முகம் மாறினா எழும்பி வாங்கோ.

இன்னொண்டு, இது இஞ்ச நிக்கேக்கையே செய்ய வேண்டியது. லைசென்ஸ் வைச்சிருக்கிறவை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில அதை உறுதிப்படுத்திற கடிதம் இங்கிலீசில எடுத்துக்கொண்டு போங்கோ. ரெண்டு வருசத்துக்கு மேல ஓடின அனுபவத்தைக் காட்டினா ஒன்ராறியோவில ஜீ1, ஜீ2 எண்ட முதல் ரெண்டு படி லைசென்ஸில மாசக் கணக்கில காத்திருக்காமல் எழுத்துச் சோதினை முடிய நேரா ஜீ எண்ட முழு லைசென்ஸ் ரோட் ரெஸ்ற்றுக்குப் போகலாம். நான் எடுக்காமல் போனனான்.

வாடகை

முதல் மாசமும் கடைசி மாசமும், ஒன்ராறியோவில வீட்டுக்காரர் கேக்கக்கூடியது அவ்வளவுதான். வீடு உடைஞ்சால் எண்டு தனியா டிப்போசிற் வாங்கிறது சட்டத்துக்கு மாறு. ஆனா எங்கட பெடியள் கன பேர் மாட்டுற இடம் வேற, வீட்டுக்காரரோட குசினியோ பாத்ரூமோ பங்கு போட்டு இருந்தால் அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை. "எங்கட ஊர் ஆக்கள்தானே" எண்டு பேப்பர் இல்லாமல் காசு குடுத்து, ஒரு கிழமையில எழும்பச் சொல்ல சூட்கேசோட நிண்ட பெடியனை நான்தான் ஏத்திக்கொண்டு வந்தனான்.

போன்

இஞ்சத்தைய போனோட போங்கோ.

வரி

வருமானமே இல்லையெண்டாலும் சித்திரை 30க்கு முதல் கணக்குக் குடுங்கோ. குடுத்தால்தான் வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குத் திருப்பித் தாற வரிக்காசு வரும். ரெண்டு வருசம் எனக்கு இது தெரியாது.

மற்றவைக்குப் பொறுப்புக் கையெழுத்து

வைக்காதேங்கோ. மச்சான் எண்டாலும்.

சம்பளத்தை ஊருக்குச் சொல்லுறது

நீங்கள் டொலரில சொல்லுவியள், இஞ்ச கேக்கிற ஆள் பெருக்கித்தான் கேக்கும், வாடகையை ஒருத்தரும் கழிக்காயினம். அடுத்த திருவிழாவுக்கு உபயம் உங்கட பேரில எழுதுப்படும், பிறகு ஆரோ ஒருத்தரின்ர வீட்டுக்குக் கூரை. குடுக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை, நானும் குடுத்தனான்தான், ஆனா 13 வருசமா அம்மாவுக்கு என்ர சம்பளம் தெரியாது.